இருபத்தெட்டு நாளும் நலம்

எங்கள் குடும்பத்து ஆட்களை நான் வயிற்றை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் புளித்த ஏப்பம். அவருடைய தம்பிக்கு வாயு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின்வரிசையில், கதவோரமாகப் பார்த்துத்தான் உட்காருவார். சித்தியின் மூத்த மகனுக்கு எதைத் தின்றாலும் அரை மணியில் ஓட்டம். பெரியப்பாவின் இரண்டாவது மகள் ஒன்றும் தின்னாமலே உப்பிக்கொள்வாள். எனக்கு நெஞ்செரிச்சல். நாற்பத்தாறு வருஷம் தையல் மெஷின் முன்னால் மடங்கிக் கிடந்த வயிறு வேறெப்படி இருக்கும்?

இத்தனை வயிற்றுக்கும் ஒரே மருந்துதான், ஓமம். கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுப்பார்கள். குடித்தவர்களுக்குக் குணமானதா இல்லையா என்று யாரும் விசாரித்ததில்லை. குடித்தார்கள், ஏப்பம் விட்டார்கள், எழுந்து போனார்கள்.

விசாரித்தவள் என் அக்கா மகள் ஒருத்திதான். குடும்பத்தில் அவளுக்கு நோட்டு என்று பெயர். எங்கே போனாலும் கையில் ஒரு நோட்டு இருக்கும் என்பதால் வந்த பெயர். அந்த நோட்டு அவள் கைக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவள் அப்பா, அதாவது என் அத்தான், பஸ் டிரைவர். பேச்சு குறைவு. அவரிடம் எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்பதுதான் பதில். சோறு எப்படி? பரவாயில்ல. உடம்பு எப்படி? பரவாயில்ல. ஒரு வருஷம் மேல்வயிற்றில் வலி என்று லேசாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா தினமும் சாயங்காலம் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். எட்டு மாதம் கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் குடித்துவிட்டு "இப்ப பரவாயில்ல" என்பார். ஒருநாள் ஸ்டியரிங்கில் கவிழ்ந்துவிட்டார். நல்லவேளை, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா வலி? சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ராத்திரியில எழுப்புதா?" கட்டிலைச் சுற்றிப் பெரியவர்கள் ஏழு பேர் நின்றோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அக்காவுக்கே தெரியவில்லை. வயிற்றில் இருந்த புண் ஓட்டையாகிவிட்டிருந்தது. நான்காம் நாள் போய்விட்டார். ஓமத் தண்ணீர் அவருக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் அதைக் குடித்துக் குடித்தே எட்டு மாதம் ஓடிவிட்டது.

அப்போது பெண்ணுக்குப் பதினான்கு வயது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் கடைக்குப் போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து, அதில் வீட்டில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, யாருக்கு எங்கே எப்போது வலிக்கிறது என்று குறிக்க ஆரம்பித்தாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பிறகு படித்தாள். மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை கிடைத்தது. டாக்டர் இல்லை, டாக்டர்கள் சொல்வதைச் செய்து தருகிற வேலை. கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது, நிறுத்துப் போடுவது, எழுதி வைப்பது. பதினோரு வருஷம் அடுத்தவர்களுக்காக எழுதினாள். அப்புறம்தான் பேராசிரியரிடம் போய் நின்றாள். ஓம எண்ணெய் வயிற்றுக் கோளாறுக்குக் கேட்கிறதா, கேட்டால் எந்தக் கோளாறுக்கு, எதற்குக் கேட்காது என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

எல்லாரும் நினைத்ததுபோல ஓமத்தின் பெருமையை நிரூபிக்க அவள் கிளம்பவில்லை. ஓமத்தின் மேல் கோபமும் இல்லை. "கேக்கும்னா கேக்கும்னு சொல்லணும் மாமா. கேக்காதுன்னா நேரா டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள் என்னிடம். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

அவள் வேலை செய்த அறையை ஒருமுறை போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே, ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பாதிதான் திறக்கும். இடித்த ஓமத்தைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு ஆவியில் வேகவைக்கிறாள். ஆவி ஒரு நீளக் குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. தண்ணீருக்கு மேலே மெல்லிய தோலாக எண்ணெய் மிதக்கிறது. காலையிலிருந்து கிடந்து வேகவைத்தால் ஒரு மருந்து மூடி அளவு கிடைக்கும். வாசனை மூக்கைக் கிள்ளியது. கண்ணில் நீர் வந்தது. "அழறீங்களா மாமா?" என்றாள். "பெருமையில" என்றேன். "பொய். எண்ணெய்" என்றாள்.

அந்த எண்ணெயோடு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் மூட்டை ஓமத்தில் வந்த எண்ணெய் ஒரு மாதிரி, இரண்டாவது மூட்டையில் வேறு மாதிரி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். குளிர்க்குழாய் உடைந்தது, புதுக் குழாய் வர மூன்று மாதம். மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கேட்டு எழுதிய தாள் மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை காரணம் என்ன தெரியுமா? இரண்டாம் தடவை திருத்தச் சொன்னதைத் திருத்தியது ஏன் என்று விளக்கவில்லையாம். அன்று வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளை எல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

ஒருவழியாக அனுமதி வந்தது. அறுபது பேர் வேண்டும். ஓம எண்ணெயைச் சாதா எண்ணெயில் கலந்து கேப்சூலில் அடைப்பார்கள். பாதிப் பேருக்கு அது. மீதிப் பாதிக்கு வெறும் சாதா எண்ணெய் அடைத்த கேப்சூல். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சீசாவின் மேல் நம்பர் மட்டும்தான். எந்த நம்பரில் எது என்பது மருந்தாளுநர் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். தின்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற அவளுக்கும் தெரியாது. அப்படி இருந்தால்தான் மனசு பாதி வேலை செய்கிறதா, மருந்து முழு வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியுமாம்.

அறுபது பேருக்கு எங்கே போவது? வயிற்றுக் கோளாறு உள்ளவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள், வரிசையில் வந்து பெயர் கொடுப்பவர்கள் இல்லை. இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். ஆரம்பிக்கிற நாள் நெருங்கியது. பேராசிரியர் சொன்னார், "தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாம்மா. வயிறு எல்லாருக்கும் வயிறுதான்." அவளுக்கு மனசில்லை. இருந்தாலும் எங்கள் தெருவுக்கு வந்தாள். பதினேழு பேர் சேர்ந்தோம். மொத்தம் நாற்பத்து மூன்று. போதும் என்றார் பேராசிரியர்.

எங்கள் பக்கம் மட்டும் ஆறு பேர். நான், என் மனைவி, மாடியில் இருக்கும் என் அண்ணி, என் மனைவியின் தங்கைகள் இரண்டு பேர், கடைக்குப் பக்கத்தில் சாவி செய்கிறவர். ஆளுக்கு ஒரு சீசா, அறுபது கேப்சூல். மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று, இருபத்தெட்டு நாள். கடைசியில் சீசாவில் நான்கு மிச்சம் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டும் கொடுத்தாள். தினமும் வலி எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் போட வேண்டும். சேர்க்கும்போது கல்லூரி டாக்டர் ஒருவர் கேள்வி கேட்டார். ராத்திரி வலியில் விழிப்பு வருமா, எடை குறைந்ததா, மலம் கறுப்பாகப் போகுமா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். இல்லாமல் இல்லை. ஆனால் உண்டு என்றால் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்களே. பெண்ணுக்கு ஒரு ஆள் குறையுமே.

முதல் நாலு நாளிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. ஏப்பம்தான் காட்டிக் கொடுத்தது.

நான் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஏப்பம் வந்தது. கடை பூராவும் ஓமம். சாவிக்காரர் அரத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, உங்களுக்கு வாசனையா வருது?"

"ஏன், உங்களுக்கு வரலையா?"

"எனக்கு நாலு நாளா வெறும் காத்துதான் வருது. அப்ப எனக்கு ஒண்ணுமில்லாததைக் குடுத்துட்டாங்களா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

மனிதருக்கு மெய்யாகவே முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அங்கே விசாரித்தால் எனக்கும் அண்ணிக்கும் மச்சினிகளில் ஒருத்திக்கும் வாசனை ஏப்பம். என் மனைவிக்கும் மற்றவளுக்கும் ஒன்றுமில்லை.

என் மனைவி இடுப்பில் கையை வைத்தாள். "ஒரே வீட்டுல ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு வெறுமையா? இது என்ன பந்தி வஞ்சனை? பாவம், குழந்தைக்கு விவரம் தெரியல. நாமதான் சரி பண்ணிக்கணும்."

சரி பண்ணினாள். என் பட்டன் டப்பாவை எடுத்துவரச் சொன்னாள். பட்டன்களைக் காகிதத்தில் கொட்டி டப்பாவைத் துடைத்துக் கொடுத்தவன் நான்தான், மறைப்பானேன். ஆறு சீசாவையும் அதில் கவிழ்த்தாள். நன்றாகக் குலுக்கினாள். அன்றிலிருந்து ஆறு பேரும் அந்த டப்பாவில் கைவிட்டு எடுத்துக்கொண்டோம். சாவிக்காரருக்கு டப்பா வைத்த மூன்றாம் நாளே வாசனையாக ஏப்பம் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார் என் மனைவியை. இருபத்தெட்டாம் நாள் மிச்சத்தை எண்ணி, சீசாவுக்கு நான்காகத் திரும்பப் போட்டு மூடிவிட்டாள். கணக்கில் அவளை அடித்துக்கொள்ள முடியாது.

அக்கா மகள் சீசாக்களை வாங்க ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். அன்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. துணி வெட்டுகிற மேஜையில் ஒவ்வொரு சீசாவாகக் கவிழ்த்து எண்ணினாள். நான்கு. நான்கு. நான்கு. சாவிக்காரரின் சீசாவைக் கவிழ்த்தாள். ஐந்து விழுந்தது.

ஐந்தாவது, நாலு துளை வைத்த வெள்ளைச் சட்டைப் பட்டன்.

அதைக் கையில் எடுத்தாள். அலமாரியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"பிளேடு குடுங்க மாமா."

கொடுத்தேன். ஒரே சீசாவில் இருந்த நான்கு கேப்சூலையும் அறுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். ஒன்று வாசனை. ஒன்று இல்லை. ஒன்று இல்லை. ஒன்று வாசனை. பிளேடை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"யார் பண்ணது?"

"உங்க அத்தை நல்லதுக்குன்னுதான்..."

"ஏன் பண்ணாங்க?"

"யாருக்கும் குறை இருக்கக்கூடாதுன்னு..."

"குறை இருந்தாத்தான் மாமா தெரியும்! சிலருக்கு இல்லாம இருந்தாத்தான், இருக்கிறவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்! எத்தனை தடவை சொன்னேன்? ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுச் சொன்னேனே!"

சொன்னாள்தான். நாங்களும் தலையாட்டினோம். பிள்ளை அக்கறையாகச் சொல்லும்போது தலையாட்டாமல் இருப்போமா?

பிறகு என் நோட்டைப் பிரித்தாள். வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். ஒன்றாம் நாள் நலம், பூஜ்யம். இரண்டாம் நாள் நலம், பூஜ்யம். இருபத்தெட்டு நாளும் நலம், பூஜ்யம். ஒரே மை, ஒரே சாய்வு. கடைசி நாளில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. அவள் நோட்டு அழகாக நிறைய வேண்டும், எண்ணெய் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

"நிஜமா வலிக்கவே இல்லையா?"

"பரவாயில்ல" என்றேன்.

அந்த வார்த்தை வாயைவிட்டுப் போனதும் எனக்கே தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு," என்றாள். "நீங்களும் அந்தக் கட்டில் பக்கத்துல நின்னீங்க மாமா. அந்த ஏழு பேர்ல நீங்களும் ஒருத்தர்."

பட்டனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதினேழு பேரில் டப்பா வைத்தது நாங்கள் மட்டும்தான்; ஆனால் மற்றவர்களும் சும்மா இல்லை. ஒருத்தர் பாதியைத் தம்பிக்குக் கொடுத்திருந்தார். இன்னொரு அம்மாள் வாசனை வராததால் கேப்சூலை விட்டுவிட்டு வீட்டு ஓமத் தண்ணீரையே குடித்திருந்தாள். நோட்டில் மட்டும் எல்லாருக்கும் நலம். பதினேழையும் தள்ளினால் மிச்சம் இருபத்தாறு. அவ்வளவு குறைந்த ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. ஆறு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். மேஜை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். "நோட்டெல்லாம் நல்லா வந்திருக்கேம்மா. ஒரு பட்டனைப் பெரிசு பண்ணாதே. அப்படியே போட்டுடலாம்," என்றார்.

"போட்டா அது பொய் சார்."

"அப்ப என்னன்னு எழுதப் போறே?"

"தெரியலைன்னு எழுதப் போறேன்."

"ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டுத் தெரியலைன்னு ஒரு பேப்பரா?"

"தெரியலைன்னா தெரியலைன்னுதானே சார் எழுத முடியும்."

எழுதினாள். பதினேழு பேரை ஏன் தள்ளினேன் என்று காரணத்தோடு எழுதினாள். அந்தத் தாள் எங்கேயும் அச்சாகவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில் இப்போது பழைய நாற்காலிகள் கிடக்கின்றன. அவள் திரும்பவும் அடுத்தவர்களுக்காக நிறுத்துப் போடுகிறாள், எழுதி வைக்கிறாள்.

என்னை மட்டும் விடவில்லை. மறுவாரமே வயிற்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது, அத்தானுக்கு இருந்த அதே இடம். இன்னும் ஓட்டையாகவில்லை. இரண்டு மாதம் மாத்திரை தின்றேன்; ஆறியது. டாக்டர் அறையைவிட்டு வெளியே வரும்போது அவளைக் கொஞ்சம் தேற்றலாமே என்று சொன்னேன்: "பாத்தியா, உன் பரிசோதனையாலதான் இது கண்டுபிடிச்சாங்க."

"இல்ல மாமா," என்றாள், என் மாத்திரைச் சீட்டைப் படித்துக்கொண்டே. "என் பரிசோதனையில நீங்க இருபத்தெட்டு நாளும் நலம்."

இப்போது பரிசோதனைக்கு அனுமதி கேட்டு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறாள். கேப்சூலுக்கு மேலே ஒரு பூச்சு பூசினால் அது இரைப்பையில் உடையாமல் குடலுக்குப் போய்த்தான் உடையும், ஏப்பத்தில் வாசனை வராது, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. பூசுகிற மெஷின் அங்கே இல்லை. இருக்கிற இடத்தில் தர மாட்டேன் என்கிறார்கள். இரண்டு விண்ணப்பம் திரும்பிவிட்டது; மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. அதில் முதல் வரியே, உறவினர்களைச் சேர்ப்பதில்லை என்பதுதான்.

அது என் மனைவிக்குத் தாங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க வேண்டாதவங்களாயிட்டோம்?"

"அதனாலதான் அத்தை வேண்டாம்னேன். நீங்க ரொம்ப வேண்டியவங்க."

"சரி, அதை விடு. ஓமம் வயித்துக்குக் கேக்குமா கேக்காதா? ஒரு வார்த்தை சொல்லு."

"தெரியாது அத்தை."

"அப்ப ரெண்டு வருஷம் என்னதான்டி பண்ணே?"

அக்கா மகள் பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் யாரும் கேட்காமலே தினமும் எழுதுகிறேன். அன்றைக்கு எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தாள்: மத்தியானம் எரிச்சல், மூன்று. சாப்பிடத் தாமதம். ஏப்பம் இரண்டு, வாசனை இல்லை.

மெச்சுவாள் என்று காத்திருந்தேன்.

"மணி போடலையே மாமா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மணியைப் போட்டேன்.